பதினோராம் பக்கத்தில் செத்துப்போன உன் அத்தை

அன்புள்ள கண்ணுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தை மாதம் வந்தபோது நீ விட்டுவிட்டுப் போன கேமரா கெட்டுப்போய்விட்டது, எல்லாம் இருட்டாகவே தெரிகிறது என்று ஐந்து நாள் உனக்குப் போன் போட்டுப் புலம்பினேன் அல்லவா, அது கெடவில்லை. அதன் முன்பக்கம் கறுப்பாக ஒரு மூடி இருந்தது. அதுவும் கேமராவில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டேன். பேட்டரியைக் கழற்றி வெயிலில் காயவைத்தேன். ஜீப்புக்குச் செய்கிற மாதிரி பக்கவாட்டில் தட்டிக்கூடப் பார்த்தேன். கடைசியில் பஜாரில் ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் இரண்டு விரலால் அந்த மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “வேற ஏதாச்சும் இருக்குதுங்களா” என்று கேட்டாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முப்பது வருஷமாக இந்த மலையில் ஜீப் ஓட்டி, எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன் நான். உன்னிடம் “சேலத்துல ரிப்பேர் பார்த்தாச்சு” என்று சொன்னது பொய். உன் அம்மாவுக்கு முழுக் கதையும் தெரியும். மூன்று தெருவுக்குச் சொல்லியும் முடித்துவிட்டாள்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், இனிமேல் இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப்போகிறேன். திட்டுகிறவன் தன் முகத்தைக் கொஞ்சம் துடைத்துக்கொண்டு வருவதுதான் நியாயம். போனிலேயே திட்டலாம். ஆனால் நான் சூடாகும்போதெல்லாம் நீ “அப்பா, மீட்டிங் இருக்குதுங்க” என்று போய்விடுகிறாய். கடிதத்தில் மீட்டிங் கிடையாது. நான் நாலாம் வகுப்பு வரைக்கும் போனவன், ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. எட்டாவது படித்த உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். நடுநடுவே திட்டையும் குறைக்கப் பார்க்கிறாள், நான் விடவில்லை. உன் கூட்டாளிகளும் பெண் வீட்டாரும்கூட இதைப் படிக்கட்டும். நீ கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க நம் குடும்ப வரலாறு என்று ஒரு புத்தகம் அச்சடிக்கிறாயே, அதன் கடைசியில் இதையும் சேர்த்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அந்தப் புத்தகத்துக்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேள். நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதத்தையெல்லாம் நீயே படம் எடுத்துக்கொண்டாய். எஸ்டேட்டின் பழைய செக்ரோல் நோட்டுகளை, அதுதான் வேலையாட்கள் பேரை எழுதி வந்த நாள் வராத நாள் குறிக்கிற நோட்டுகளை, என் தலையில் கட்டினாய். அந்த எஸ்டேட் ஆபீஸ் பூட்டிக் கிடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. வாட்ச்மேனுக்கு இரண்டு தடவை சும்மா சவாரி கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, சாவியைத் திருப்ப வைத்தேன். உள்ளே வௌவால் நாற்றம். நோட்டுகள் ஒவ்வொன்றும் நம் வாசல் கல் அளவுக்குக் கனம். நீ சொன்னபடி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நிழல் விழாமல், நேர் மேலே கேமராவைப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாக எடுத்தேன். பக்கம் சுருட்டிக்கொண்டு எழும்பிவரும். ஒரு ஓரத்தில் மிளகுப் பொட்டலம் வைப்பேன், இன்னொரு ஓரத்தை விரலால் அமுக்குவேன். “எச்சில் தொட்டுப் புரட்டாதீங்கப்பா” என்று நீ சொன்னாய். தொட்டேன். அறுபது வருஷத் தூசி நாக்கில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம். வாட்ச்மேன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, “ஏனுங்ணா, இதையெல்லாம் படம் புடிச்சு எந்த டிவியில போடப்போறாங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான்கு நாள். நான்கு நாளும் கரடியூர் வியூ பாயிண்ட் சவாரி போச்சு. அதற்காக நான் கோபப்படவில்லை. அதை நான் சந்தோஷமாகத்தான் செய்தேன். பிள்ளை நம் ஆட்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறான் என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் போன வாரம் நீ அனுப்பிய மாதிரிப் புத்தகம் வந்தது. அட்டையில் சேர்வராயன் மலை, உள்ளே வழவழ தாள். உன் அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துக் குங்குமம் வைத்தபிறகுதான் என் கையில் கொடுத்தாள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறவன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். ஆறாவது நாள் பதினோராம் பக்கம் வந்தேன். மரம் மாதிரி கோடு போட்டு, என் அப்பன் சடையன் பேருக்குக் கீழே மூன்று பிள்ளைகள். முதலில் காவேரியம்மா, எஸ்டேட் தொழிலாளி, திருமணமாகாதவர். கடைசியில் நான். நடுவில் ராமாயி. ராமாயி பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். இது என்ன அழகுக்கு வைத்திருக்கிறானா என்று பார்த்தால், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: நட்சத்திரக் குறி, காலமானவர்கள். ராமாயி, இளம் வயதில் காலமானவர்.

கண்ணு, நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். என் படிப்பில்தான் கோளாறு என்று உன் அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். நீ சாகடித்தது உன் அத்தையை. தலைச்சோலையில் போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் களி கிண்டிப் போட்டவளை. உன் கல்யாணத்தில் முகூர்த்தக்கால் நடும்போது முதல் கை வைக்கப்போகிறவளை. உடனே உனக்குப் போன் போட்டேன். அன்றைக்கு நாம் பேசியதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

“அப்பா, அத்தை பேரு காவேரியம்மாதானுங்களே. காவேரியம்மாவை உயிரோடதானே போட்டிருக்கேன்.”

“காவேரி எங்க மூத்த அக்கா, சாமி. நான் தவழ்ற குழந்தையா இருக்கும்போதே போயிருச்சு. உங்க அத்தை பேரு ராமாயி.”

“இல்லீங்கப்பா. தாத்தா பொறப்பு எழுதி வெச்ச பஞ்சாங்க அட்டையில ரெண்டு பேரும் இருக்குது. ஆனா செக்ரோல்ல நாப்பது வருசமும் காவேரிதான் வேலை பாத்திருக்குது. ஆதார்லயும் காவேரியம்மாதான். பொறந்ததுக்கப்புறம் ராமாயின்னு ஒரு காயிதம்கூட இல்லை. ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, மாத்திடறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.”

“காயிதம் எதுக்கு, ஆளே இருக்குது. பஸ் ஏத்திக் கூட்டியாந்து காட்டட்டுமா?”

“ஆளு ப்ரூஃப் இல்லீங்கப்பா.”

அப்புறம் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது.

ஆள் ப்ரூஃப் இல்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து ஜீப்பில் ஏறுகிற டூரிஸ்ட்டுகளையெல்லாம் நான் ஒரு மாதிரி பார்க்கிறேன், இவர்களெல்லாம் நிஜமாக இருக்கிறார்களோ என்னவோ என்று. உனக்கு நான்கு வயதில் காபிக் கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டாய். நானும் உன் அம்மாவும் அழுதுகொண்டு நின்றோம். உன் அத்தைதான் உன்னைத் தொடையில் கிடத்தி, ஒரு பக்க மூக்கை அடைத்து, மிளகுப் பொடியை உன் முகத்துக்கு நேரே ஊதினாள். நீ போட்ட தும்மலில் கொட்டை எதிர்ச் சுவரில் போய் அடித்தது. அதற்கும் காகிதம் கிடையாது. ஆகையால் அந்தக் கொட்டை இன்னும் உன் மூக்கிலேயேதான் இருக்க வேண்டும், டாக்டரிடம் காட்டிக்கொள். என் அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, நாலாவதோடு நின்றதற்கு விளக்குமாற்றால் அடித்து, பெண் பார்த்துக் கட்டிவைத்ததெல்லாம் அவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டாம் என்றாள். “உன்னைய வளத்ததே போதும், இன்னொண்ணு எதுக்கு” என்பாள்.

ஆனாலும் உன்மேல் முழுப் பழியையும் போடமாட்டேன். உனக்கு அவள் அத்தை, எனக்கு அக்கா, ஊருக்கும் அக்கா. யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டது எஸ்டேட்டில் மட்டும்தான், அங்கே கூப்பிட்டதும் அவள் பேரை இல்லை. அது எப்படி என்று உனக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மூத்தவள் காவேரி அந்த எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் காய்ச்சல் வந்து நாலு நாளில் போய்விட்டாள். வீட்டில் ஒரு ஆள் வேலையில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த குடிசையில் இருக்கலாம். என் அப்பனுக்கு அப்போது கால் முறிந்து கிடை, அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, இடுப்பில் நான். ராமாயிக்குப் பதினோரு வயது. அந்த வயதில் பேர் எழுதக்கூடாது என்று சட்டம். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் என்ன செய்தார் தெரியுமா. ரொம்பத் தயவாகத்தான் சொன்னாராம். “பழைய பேரை அடிக்க வேண்டாம் சடையா. சின்னவ வந்து அந்தப் பேர்லயே நின்னுக்கட்டும்.”

காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். ரைட்டர் “காவேரி” என்று கூப்பிட்டார். உன் அத்தை திரும்பிப் பார்த்தாளாம். அக்கா பின்னால் வருகிறாளோ என்று. பக்கத்தில் நின்ற பெண் இடுப்பில் இடித்து, “உன்னையத்தான், சொல்லு” என்று சொன்னபிறகு, “வந்தேனுங்க” என்றாள். அன்றைக்குச் சொன்ன “வந்தேனுங்க”தான், நாற்பத்திரண்டு வருஷம் நிற்கவில்லை. செத்தவளுக்கு வயது ஏறியது, இன்கிரிமெண்ட் வந்தது, ஒரு வருஷம் அதிகப் பழம் பறித்ததற்கு எவர்சில்வர் குடம் வந்தது. காவேரிக்கு ஐம்பத்தெட்டு ஆனபோது ரிட்டயர் பண்ணினார்கள். உன் அத்தைக்கு அப்போது ஐம்பத்துமூன்று. “அஞ்சு வருசம் முன்னாடியே கெழவி ஆயிட்டேன்” என்று மாலையோடு வந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது. அதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, இப்போது இந்த வரியில்தான் அவளுக்கே தெரிகிறது, முறைக்கிறாள். ஏற்காட்டில் ஆதாருக்குப் போட்டோ எடுத்த சமயம். நான்தான் அக்காவை ஜீப்பில் கூட்டிக்கொண்டு வந்தேன். வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. எங்கள் முறை வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் பேர் கேட்டான். அக்கா என் பக்கம் திரும்பி, மெதுவாக, “தம்பி, இப்பவாச்சும் எம்பேரைச் சொல்லட்டுமா” என்று கேட்டாள். எனக்கு வெளியே சவாரி காத்துக்கொண்டிருந்தது. பேரை மாற்றினால் எஸ்டேட் காகிதத்தோடு ஒத்துப்போகாது, அதற்கு ஒரு மனு, அதற்கு ஒரு நாள் என்று எனக்குக் கணக்கு ஓடியது. “சும்மா இருக்கா. வண்டியில ஆளுங்க ஏறிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, நானே முந்திக்கொண்டு, “காவேரியம்மாங்க” என்றேன். அவள் விரலை அந்தக் கண்ணாடியில் வைத்தாள். அவ்வளவுதான். ரைட்டர் செய்ததையே நானும் செய்தேன். அவர் என் அப்பன் குடிசைக்காகச் செய்தார், நான் ஒரு வியூ பாயிண்ட் சவாரிக்காகச் செய்தேன். நீ காகிதத்தைப் பார்த்து ஏமாந்தாய், கண்ணு. அந்தக் காகிதத்தை உண்டாக்கியவனே நான்தான். ஆனாலும் என் கோபம் தணியவில்லை. ஏனென்றால் நான் அவள் பேரைத்தான் திருடினேன், நீ ஆளையே புதைத்துவிட்டாய்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் எஸ்டேட்டுக்குப் போனேன். முதல் தடவை சரியாக விழாத இருபத்தாறு பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி, கேமரா கார்டோடு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாய் அல்லவா. ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரில் காரணம் வேறு எழுதியிருந்தாய்: கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல், மிளகு, கட்டைவிரல். உன் அம்மா அதைப் பாட்டு மாதிரி படித்துக் காட்டினாள். வாட்ச்மேனை இந்தத் தடவை பக்கத்தின் ஓரத்தை ஸ்கேலால் அமுக்கச் சொன்னேன். “மறுபடியும் அதேதானுங்களா, டிவியில நல்லா வர்லீங்களா” என்றான்.

ஒன்பதாவது பக்கம் எடுக்கும்போது காவேரி பேர் கண்ணில் பட்டது. நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் எதிரில் நாளுக்கு ஒரு கட்டம். வந்தால் கோடு, வராவிட்டால் காலி. காவேரி பேருக்கு எதிரில் வரிசையாகக் கோடு, அப்புறம் ஏழு கட்டம் காலி, அப்புறம் மறுபடியும் கோடு. நாலு நாள் காய்ச்சல், மூன்று நாள் துக்கம். கண்ணு, அந்த நோட்டின்படி நம் வீட்டுப் பெண் செத்தபிறகு மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு, நாலாவது நாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். இதைத்தான் நீ ப்ரூஃப் என்கிறாய். அந்தப் படம் ஆடிப்போய்விட்டது, திரும்ப எடுத்தேன். அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். பேருக்கு இடது பக்கம், தாளின் விளிம்பை ஒட்டி, பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். தங்கச்சி. அந்த ரைட்டருக்கும் மனசு எங்கோ உறுத்தியிருக்கிறது. மையில் எழுதப் பயந்துகொண்டு பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். முதல் தடவை அந்தப் பக்கத்தை நான் எடுத்தபோது என் கட்டைவிரல் சரியாக அந்த வார்த்தையின் மேல் இருந்திருக்கிறது. உன் பட்டியலில் பார், ஒன்பதாவது, கட்டைவிரல்.

வாட்ச்மேனைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவன் பயந்துபோய், “என்னுங்ணா, பொதையலுங்களா” என்றான். உன் கம்ப்யூட்டர் கேட்ட காகிதம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் நட்சத்திரத்தைப் பிடுங்கிவிடலாம் என்று பாட்டுப் பாடிக்கொண்டு வண்டியை ஓட்டினேன். இருபத்தாறு பக்கமும் கட்டைவிரல் இல்லாமல் எடுத்து முடித்திருந்தேன்.

மறுநாள் புதன்கிழமை தலைச்சோலைக்குப் போனேன். புத்தகத்தையும் கேமராவையும் எடுத்துக்கொண்டேன். அக்கா முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். ஒளிக்கக்கூடாது என்று பதினோராம் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டினேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

“எந்த வயசுல செத்தேனாம்?”

“சின்ன வயசுலன்னு போட்டிருக்குதுக்கா.”

“என்ன நோவாம்?”

“அது போடலை.”

“அதைய நல்லா விசாரிச்சுப் போடச் சொல்லு. வர்றவங்க கேப்பாங்கல்ல.” கொஞ்ச நேரம் புடைத்தாள். “நம்ம பையன் கண்ணாலத்துக்கு நான் எப்படிடா வர்றது? செத்தவ முகூர்த்தக்கால்ல கை வெச்சா நல்லாவா இருக்கும்.”

“அதுக்குத்தானுக்கா வந்தேன். அவன் விவரம் தெரியாமப் போட்டுட்டான். மாத்தச் சொல்லியிருக்கறேன்.”

“அப்ப அவளை எங்க போட்டிருக்குது? காவேரியை?”

“உசுரோட போட்டிருக்குது. நீ பாத்த வேலையெல்லாம் அது பேர்ல. நட்சத்திரத்தை இந்தப் பேர்ல இருந்து எடுத்து அந்தப் பேருக்கு வெச்சிருவான்.”

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். “வேண்டாம்” என்றாள். “அவளுக்கு வெக்க வேண்டாம். நாப்பது வருசத்துக்கு மேல அவளையும் தூக்கிக்கிட்டுத்தான் மலை ஏறி எறங்கியிருக்கறேன். அவளுக்கு நரை வந்தது எங்கிட்டதான். முட்டி வலி வந்தது எங்கிட்டதான். இனி அவளைப் புடிச்சு பதினாறு வயசுல சாவுன்னு சொன்னா எப்படி. ரெண்டு பேரையும் உசுரோட போடச் சொல்லு. எனக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் சேத்து நட்சத்திரம் வெச்சுக்கட்டும்.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆதார் நாளைப் பற்றிச் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன் அக்கா என்றேன். அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

“ஏழு பேரு” என்றாள்.

“என்ன ஏழு பேரு?”

“அன்னிக்கு உன்ர வண்டியில ஏறுனவங்க. நான் எண்ணிப் பாத்தேன். அதுல ரெண்டு கொழந்தைங்க.”

முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். விளக்குமாற்றால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. இன்னும் ஒரு மாதத்தில் உனக்கு ஒருத்தி வரப்போகிறாள். அவளுக்கு அம்மா இருப்பாள், அத்தை இருப்பாள், அவர்கள் வீட்டுக் கதைகள் இருக்கும். பாதிக் கதைக்கு ரசீது இருக்காது. அதற்காக அவளிடம் ப்ரூஃப் கேட்டுக்கொண்டு நிற்காதே, வீட்டில் சோறு கிடைக்காது. நீ காகிதத்தைப் படம் எடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை எஸ்டேட் நோட்டு வேண்டுமோ சொல், நான் வௌவால் நாற்றத்தில் நின்று எடுத்துத் தருகிறேன். ஆனால் ஒருவர் பேருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வைப்பதற்கு முன்னால் பஸ் ஏறி வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார். திறந்தால் வைக்காதே. உனக்கு இன்ஜினியரிங் படிப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால், அந்தப் படிப்பு என் நாலாம் வகுப்பைவிடக் குறைச்சல்தான். நானும் என் பங்குக்குக் கல்யாணம் முடிந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் ஆதாரில் பேர் மாற்ற மனு கொடுக்கப்போகிறேன். அன்றைக்கு வண்டியை ஸ்டாண்டில் விடமாட்டேன். உன் அம்மா இந்த வரிக்குக் கீழே கோடு போடச் சொல்கிறாள்.

பதினோராம் பக்கத்தில் வைக்க ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். “இந்தப் படம் எந்தப் பேர்ல வரும்” என்று கேட்டாள். ராமாயி என்று வரும் என்றேன். “அப்ப நில்லு, சீலை மாத்திட்டு வர்றேன்” என்று வீட்டுக்குள் போனாள். அரக்குச் சீலை கட்டி, பூ வைத்து, உன் அம்மா போன தீபாவளிக்குக் கொடுத்த கவரிங் வளையலும் போட்டுக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து எடுத்தேன், நின்று எடுத்தேன், சவுக்கு மரத்தில் ஏறிய மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொன்றையும் திரையில் பார்த்துவிட்டு, “இதுல கழுத்து கோணலா இருக்குது, இன்னொண்ணு புடி” என்றாள்.

இருபது படம் ஆனதும் கேமரா நின்றுவிட்டது. திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுதி வந்தது. நான் ஒரு பட்டனை அழுத்தினேன். இரண்டு கட்டம் வந்தது, ஒன்று பளிச்சென்று இருந்தது. அதை அழுத்தினேன். அது மறுபடியும் ஏதோ கேட்டது. மறுபடியும் பளிச்சென்று இருந்ததையே அழுத்தினேன். அதற்குப் பிறகு கேமரா நன்றாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மா பார்த்தாள். கார்டில் இப்போது பட்டனை அழுத்தியபிறகு எடுத்த அத்தையின் படம் நாற்பத்துமூன்று இருக்கிறது. அதற்கு முன்னால் எடுத்தது எதுவும் இல்லை. இருபத்தாறு பக்கமும் இல்லை, பென்சில் எழுத்தும் இல்லை, உன் காலேஜ் டூர் வீடியோவும் இல்லை. இன்று காலை எஸ்டேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் தன் மகள் பிரசவத்துக்கு அரூர் போயிருக்கிறான், சாவியையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வர இருபது நாள் ஆகும் என்கிறார்கள். கார்டை இந்தக் கடிதத்தோடு மதியம் பஸ் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். நாற்பத்துமூன்றில் பதினாறு படத்தில் கண் மூடியிருக்கிறாள். திறந்திருக்கிறதாகப் பார்த்துப் போடு.

அப்பா